கல்லொட்டி: பாடப்படாத ஒரு மீன்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு ஒரு மீனின் பெயரைத் தலைப்பாகக் கொண்டிருக்கிறேன். இலக்கியத் தொடரில் மீனுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். தமிழ் இலக்கியத்திலிருந்து மீனை ஒருகணம் நீக்கிப் பாருங்கள். பாண்டியனுக்குக் கொடி இல்லை. மதுரையிலே குடிகொண்ட அம்மைக்குப் பெயர் இல்லை. காவியத் தலைவியர் அத்தனை பேரும் கண்ணில்லாதவர்களாகி விடுவார்கள். கயல் என்றும் சேல் என்றும் கெண்டை என்றும் சொல்லிச் சொல்லியே நம் புலவர்கள் ஈராயிரம் ஆண்டுகளை ஓட்டியிருக்கிறார்கள்.

நான் சொல்லவிருக்கும் மீன் இந்தப் பெருமை எதிலும் பங்கு கேட்டதில்லை. அது துள்ளாது. வெள்ளியாய் மின்னாது. ஓடும் ஆற்றின் அடியிலே, கல்லின் நிறத்திலே, கல்லைப் பற்றிக்கொண்டு கிடக்கும். அதன் பெயர் கல்லொட்டி. அதைப் பற்றிப் பேச வேண்டிய கடன் எனக்கு ஜெயபுரத்தில் ஏற்பட்டது.

ஜெயபுரம் பூநகரிப் பிரதேசத்திலே, மன்னார் வீதியை அண்டி, முழங்காவிலுக்கும் பல்லவராயன்கட்டுக்கும் அயலில் உள்ள ஊர். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் அங்கே பல. 1977ஆம் ஆண்டு வன்செயலிலும், பிறகு 1983இலும், தோட்டத்து லயத்தைவிட்டு உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர்களின் வழியினர். 2008இல் அந்த ஊரும் மூட்டை கட்டியது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னரே, முகாம்களைக் கடந்து, மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். இதெல்லாம் நேயர்கள் அறிந்த கதைதான்.

அங்கே ஒரு மாலை, வாசகர் சிலர் கூடி அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல். தண்ணிமுறிப்பு மண்ணையும் அதன் மனிதரையும் சொல்வது. உயரப் பறக்காத ஒரு பறவையின் பெயரைக் கதைக்குச் சூட்டியது எவ்வளவு பொருத்தம், வன்னிக்காட்டை அறிந்த ஒருவராலேதான் அப்படிப் பெயரிட முடியும் என்று நான் சற்று நீட்டி முழக்கினேன். பின்வரிசையில் ஒரு முதியவர் இருந்தார். எண்பதை எட்டும் வயது. கூட்டம் கலையும்போது என்னிடம் வந்தார்.

“தம்பி, குருவியப் பத்தி நல்லாச் சொன்னீங்க. எங்க ஆத்துல ஒரு மீனு இருந்திச்சி. கல்லொட்டின்னு சொல்லுவோம். அதப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். குளத்து மீன் தின்று வளர்ந்தவன் நான். விரால், கெளுத்தி, குறவை, ஆரல் என்று ஒரு மூச்சில் சொல்வேன். கல்லொட்டி என்றதும் விழித்தேன். முதியவர் சிரித்தார். “ஒங்களுக்கு எப்புடிங்க தெரியும்? இங்கதான் ஓடுற தண்ணியும் இல்ல, கல்லும் இல்லியே” என்றார்.

அவர் சொன்னது முக்காற்பங்கு உண்மை. பாலியாறும் மண்டைக்கல்லாறும் மாரியிலே பெருகிப் பாய்ந்து கோடையிலே மணலாய்க் கிடப்பவை. எங்கள் வாழ்வு குளத்தோடு. குளம் என்றால் கட்டு, துருசு, வான், அலைகரை. தண்ணீர் அங்கே நிற்கும், ஓடாது. நிற்கும் தண்ணீரின் மீன் ஒரு சாதி, ஓடும் தண்ணீரின் மீன் இன்னொரு சாதி. முதியவர் பிறந்தது மாத்தளை மாவட்டத்திலே, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில். சுதுகங்கையிலே போய் விழும் ஓர் ஓடை அவர்களுடைய லயத்துக்குக் கீழே ஓடியது. அந்த ஓடைதான் அவர் ‘எங்க ஆறு’ என்றது.

மீன் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் தம் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினார். இவ்வளவு மொத்தம், ஒரு சாண் நீளத்துக்கு வராது. முதுகு பாசி படிந்த கல்லைப் போல, வயிறு தட்டையாய் வெளுத்திருக்கும். வாய் முகத்தில் இராது, அடியிலே இருக்கும். தூண்டிலில் விழாது, புழுவைக் காட்டினாலும் திரும்பிப் பாராது. தண்ணீர் வற்றிய மாதங்களில் சிறுவர்கள் ஓடையிலே குப்புறப் படுத்து, கல்லிடுக்கில் இரு கைகளையும் விட்டு, தடவித் தடவிப் பிடிப்பார்கள். பத்துக்கு ஒன்பது வழுக்கிக்கொண்டு போய்விடும். பிடித்ததைக் குடல் எடுத்துப் பொரிக்க வேண்டும். குடலை விட்டால் கசக்கும். “கறிக்கு ஆகாதுங்க. ஆனா பசிக்கு ஆகும்” என்றார். கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்கள் கால் கழுவ ஓடையில் நின்றால் இந்த மீன்கள் வந்து குதிகால் வெடிப்பைச் சுரண்டுமாம். அவருடைய தாயார் வேலை முடிந்து வந்து, ஒன்றும் பேசாமல், அரைமணி நேரம் அப்படியே நிற்பாராம். அதைச் சொல்லும்போது முதியவர் தம் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

நேயர்களே, வீடு திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, இந்தச் சின்ன மீன் எத்தனை தூரம் பரந்திருக்கிறது என்பது எனக்கே வியப்பாயிற்று.

விஞ்ஞானிகள் இக்கூட்டத்தைக் ‘கர்ரா’ என்ற பேரினமாகக் கொள்கின்றனர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரை 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றி எழுதிய நூலிலே பயன்படுத்தியவர் பிரான்சிஸ் ஹமில்டன் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியர். ஆபிரிக்காவிலிருந்து அரேபியா, துருக்கி, இந்தியா, இலங்கை, பர்மா வழியாகத் தென்சீனம் வரை நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. இலங்கையில் பரவலாக உள்ள இனத்துக்கு ‘சிலோனென்சிஸ்’ என்ற பெயரை 1863இல் இட்டவர் பீட்டர் பிளீக்கர் என்ற ஒல்லாந்தர். அவரும் வைத்தியரே, பத்தேவியாவில் இராணுவத்தில் இருந்தவர். அக்காலத்து வைத்தியர்களுக்கு மீனிலே ஏன் இத்தனை மோகம் என்பது தனியே ஆராயத்தக்க விடயம்.

கல்லைப் பற்றும் வித்தை இந்த மீனின் கீழுதட்டிலே இருக்கிறது. அந்த உதடு தடித்து, வட்டமாகி, ஒரு தகடு போல அமைந்திருக்கிறது. அதைக் கல்லில் அழுத்தினால் பற்றிக்கொள்ளும். தாடையின் விளிம்பு உளியைப் போலக் கல்லைச் சுரண்டும். சுரண்டுவது கல்லின்மேல் படியும் மெல்லிய பாசிப்படலத்தை. கையால் தொட்டால் வழுவழுப்பாய்த் தெரியுமே, அதுதான். அந்தப் படலத்தில் சத்து மிகக் குறைவு. ஆகவே நாளெல்லாம் சுரண்ட வேண்டும். சுரண்டியதைச் சீரணிக்க நீண்ட குடல் வேண்டும். உடலுக்குள்ளே சுருள்சுருளாய்ச் சுற்றிக் கிடக்கும் அந்தக் குடல் முழுவதும் பாசிதான். முதியவரின் தாயார் குடலை எடுத்துவிட்டுப் பொரித்ததன் நியாயம் இதனால் விளங்கும். மற்ற மீன்களை மிதக்கவைக்கும் காற்றுப்பை இதற்குச் சிறுத்துப்போயிருக்கிறது. மிதப்பது இதன் தொழில் அல்ல. வெள்ளம் இழுக்கும்போது அடியிலே கிடப்பதுதான்.

தாய்லாந்து முதல் போர்னியோ வரையிலான ஆறுகளில் இதே தொழிலைச் செய்யும் வேறொரு மீன்குடும்பம் உண்டு. அது வாயாலேயே கல்லைக் கவ்விக்கொள்வதால் வாய்வழி நீரை இழுத்து மூச்சுவிட முடியாது. அதற்காகச் செவுளின் மேற்பகுதியிலே ஒரு தனித்துவாரம். அதன் வழியாக நீர் உட்சென்று கீழே வெளியேறும். வாயைத் திறவாமலே உயிர்வாழும் உபாயம்! எத்தனையோ மனிதர் எத்தனையோ ஆண்டுகள் முயன்று கற்பதை அது பிறவியிலேயே பெற்றிருக்கிறது.

துருக்கியில் கங்கால் என்ற இடத்து வெந்நீர் ஊற்றில் இக்கூட்டத்து மீனொன்று வாழ்கிறது. வெந்நீரில் இரை அரிது. எனவே குளிக்க வரும் மனிதரின் தோலிலுள்ள செதிலைச் சுரண்டித் தின்னப் பழகிவிட்டது. தோல்நோயாளர் அங்கே போய்க் கிடந்து மீன்களுக்கு உடம்பைக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து நகரங்களிலே கண்ணாடித் தொட்டி வைத்து, காலை விட்டு உட்காரப் பணம் வாங்கும் கடைகள் வந்தன. சென்னையிலும் கொழும்பிலும் உண்டு. கொழுந்தெடுத்த பெண் ஓடையில் நின்று இலவசமாகப் பெற்றதை இன்று குளிரூட்டிய அறையிலே காசு கொடுத்துப் பெறுகிறார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முதியவரிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார்.

பெயருக்கு வருவோம். இந்தத் தொடருக்கு உரிய விடயம் அதுதான்.

சிங்கள மக்கள் இதைக் ‘கல் பாண்டியா’ என்கிறார்கள். கேட்டவுடன் தமிழ்க்காது பாண்டியனிடம் ஓடும்; மீன்கொடியும் நினைவுக்கு வரும். ஓசை ஒன்றாயிருப்பதை வைத்துக்கொண்டு சரித்திரம் எழுதுகிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. அந்த வேலையை நான் செய்யப்போவதில்லை. மலையாளத்தில் ‘கல்லேமுட்டி’. தமிழகத்தின் மலையடிவார ஆறுகளில் ‘கல்லொட்டி’. மலையகத்திலும் கல்லொட்டி. இப்போது யோசித்துப் பாருங்கள். மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளையின் வாய்க்கு அந்தச் சொல் எப்படி வந்தது?

19ஆம் நூற்றாண்டிலே, கோப்பிக்காலத்தில், இராமநாதபுரத்துக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரில் இறங்கியவர்கள், மன்னார்க் காட்டுவழியே நடந்து, மதவாச்சி, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குப் போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தலைமன்னார்ப் புகையிரதப்பாதை 1914இல்தான் வந்தது. அதற்கு முந்திய தலைமுறைகள் கால்களாலேயே வந்தன. அவர்கள் கொண்டுவந்த மூட்டையிலே பாத்திரம் இருந்தது, துணி இருந்தது, மாரியம்மன் இருந்தாள். தெய்வங்களைக் கொண்டுவந்ததை நாம் எழுதியிருக்கிறோம். மீன்களின் பெயரையும் கொண்டுவந்தார்கள் என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை. தாமிரபரணியிலோ வைகையின் தலைப்பிலோ கண்ட ஒரு மீனை, அதே சாயலில் ஒன்றை, மாத்தளை ஓடையிலே கண்டபோது யாரோ ஒருவர் “அட, கல்லொட்டி!” என்று சொல்லியிருக்க வேண்டும். அந்நிய மலையிலே கண்ட முதல் தெரிந்த முகம்.

இவ்வாறு கடல்கடந்து, அருவியாற்றுப் படுகையைக் கடந்து, மலையேறிய சொல், 1977இல் மறுபடியும் மலையிறங்கி, வந்த வழியிலேயே திரும்பி, வன்னியிலே வந்து நின்றுவிட்டது. மீனை விட்டுவிட்டு வந்த சொல். ஜெயபுரத்தில் இன்று அந்தச் சொல்லை அறிந்தவர் சிலர், அவர்களும் முதியவர்கள். முதியவரின் பேத்தி கிளிநொச்சியில் வேலை பார்க்கிறாள். ஒட்டும் மீன் என்றால் அவளுக்குத் தெரிவது ‘டாங்க் கிளீனர்’. வளர்ப்புத் தொட்டியின் கண்ணாடியைச் சுத்தம்செய்ய வாங்கும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த கவசமீன். வளர்ந்து பெருத்ததும் தொட்டிக்காரர்கள் ஆற்றிலும் குளத்திலும் விட்டுவிடுகிறார்கள். மகாவலி நீர்த்தேக்கங்களிலே அது பெருகி, மீனவரின் வலையைக் கிழிக்கிறது.

விஞ்ஞானப் பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. கல்லொட்டியில் இலங்கைக்கே உரிய இன்னோர் இனத்துக்கு 1933இல் பி. இ. பி. தெரணியகல பெயரிட்டார், ‘பிலிப்சி’. மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவையிலே தோட்டத்துரையாக இருந்தவரும், இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவருமான பிலிப்ஸ் அவர்களின் பெயர் அது. நல்ல ஆய்வாளர், பெயருக்குத் தகுதியானவர். துரைக்குப் பெயர் கிடைத்ததையிட்டு எனக்கு வருத்தமில்லை. அதே மலையில், அதே ஓடையில், கல்லிடுக்கில் கைவிட்டு அந்த மீனைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்கு இட்டு அழைத்த பெயர் எந்த அகராதியிலும் ஏறாமல் போனதற்குத்தான்.

சரி, முதியவரின் கேள்வி. யாராவது எழுதியிருக்கிறார்களா?

சங்கப் புலவர்கள் ஆற்றின் அடியைப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். குறுந்தொகையிலே கபிலரின் புகழ்பெற்ற பாட்டொன்று. தலைவன் தன்னை மணந்த பொழுதுக்குச் சாட்சி யார் என்று தலைவி எண்ணுகிறாள். அங்கே இருந்தது ஒரு குருகு மட்டுமே. அதுவும் ஓடுகிற நீரிலே ஆரல்மீனைப் பார்த்தபடி நின்றது. ஆரல் சேற்றிலும் மணலிலும் மறையும் மீன். அதைப் பிடிக்க நிற்கும் குருகு தலையை நிமிர்த்தி மனிதரைப் பார்க்குமா? பார்க்காது. மீனின் இயல்பு தெரிந்ததால்தான் அந்தச் சாட்சி சாட்சியே இல்லை என்ற துயரம் அங்கே பிறக்கிறது. அயிரையும் சங்கப் பாட்டுகளில் உண்டு. சின்ன மீன், அடிமீன். அந்தக் கண் பிற்காலத்தில் எங்கே போயிற்று?

பிற்காலத்தில் மீன் துள்ள வேண்டும். வாளை பாய்ந்து கமுகின் பாளையைக் கிழிக்க வேண்டும்; பலாப்பழத்தில் மோதித் தேன் சொரியவைக்க வேண்டும். மருத நிலத்தின் வளம் காட்ட அதுவே இலகுவான வழியாயிற்று. பள்ளு நூல்களிலே கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது. நெல்லையும் மாட்டையும் கலப்பையையும் பெயர் பெயராய் அடுக்கும் பள்ளுப் புலவனுக்கு உழவனின் வாய்மொழி தெரியும். ஈழத்திலே எழுந்த கதிரைமலைப் பள்ளு மாவலிகங்கையின் பெருமையைப் பேசுகிறது. மாவலியின் தண்ணீரைப் பாடிய நம்மவர் வாய், அந்தத் தண்ணீரின் அடிக்கல்லுக்கு இறங்கவில்லை. யாழ்ப்பாணத்து இலக்கியத்துக்கு ஓடும் ஆறு என்பது கேள்விப்பட்ட பொருள்தானே! அது ஒரு காரணமாகலாம்.

மலையக இலக்கியமோ தேயிலையைப் பாடியது, கங்காணியைப் பாடியது, லயத்தைப் பாடியது. பாடவேண்டியவை அவை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் திரட்டியிராவிட்டால் அவையும் மறைந்திருக்கும். தெளிவத்தை ஜோசப்பின் கதைகளிலே லயத்து வாழ்வின் ஒவ்வொரு மூலையும் தெரிகிறது. ஆயினும் வேலை முடிந்து ஓடையிலே நின்ற அந்த அரைமணி நேரம், ஒருவருக்கும் கடன்படாத அந்த அரைமணி நேரம், எழுதப்படாமலே போயிற்றோ என்று எனக்குத் தோன்றுகிறது. துன்பத்தை எழுதுகிறவன் கை, துன்பம் சற்று விலகிய பொழுதைத் தொடக் கூசுகிறது. அதைத் தொட்டால் துன்பம் பொய்யாகிவிடும் என்ற பயம் போலும்.

இங்கே என்னுடைய ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மீனைப் பற்றி ஒரு கவிதை எழுதத் தொடங்கினேன். கல்லொட்டியைப் போல மண்ணைப் பற்றிக்கொண்ட மக்கள், எந்த வெள்ளமும் அடித்துச் செல்லாத மக்கள் என்று அது வளர்ந்தது. முதியவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். பிறகு, “தம்பி, நல்லா இருக்கு. ஆனா அது அப்புடி இல்லீங்க. தண்ணி கொறைஞ்சா அது கல்ல விட்டுட்டுப் போயிரும். ஆழத்துக்குப் போகும், மழை வந்தா மேல ஏறும். ஈரப் பாறையில பத்திப் பத்தி ஏறும். ஒரே கல்லுல கெடந்தா அது செத்த மீனு” என்றார். கவிதையை மடித்து வைத்துவிட்டேன். அவர் மூன்று முறை இடம்பெயர்ந்தவர். பற்றிக்கொண்டிருந்ததாக அவரைப் புகழ்வது அவருக்குப் புகழாகுமா? விட்டதும் ஏறியதும் அல்லவா அவருடைய வாழ்வு. மீனைப் பாராமல் மீனுக்கு உவமை சொன்னேன். கண்ணுக்குக் கயல் என்று எழுதியவர்களை நான் குறைசொல்ல இடமில்லை.

பாசிதின்னி மீன்களின் இன்னொரு பிரிவு வன்னிக்கு அண்மையிலேயே உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். நாம் சேல் என்று பொதுவாய்ச் சொல்லும் பேரினத்தில், இலங்கைக்கே உரிய ஒன்றுக்கு 1952இல் தெரணியகல ‘லங்கே’ என்று பெயரிட்டார். அது உலர்வலயத்து மீன். மல்வத்து ஓயாவில் உண்டு. அந்த ஓயாதான் மன்னாருக்கு வரும்போது அருவியாறு ஆகிறது. மழைவெள்ளத்தோடு எதிர்த்தேறி முட்டையிடும் இயல்புடையது. அணைகள் பெருகப் பெருக ஏறும் வழி அடைபட்டு, அது இன்று மிக அரிதாகிவிட்டது. அதே காலத்தில், 1950களின் தொடக்கத்திலே, ஆபிரிக்கத் திலாப்பியா நம் குளங்களுக்கு வந்தது. 1980களில் இந்தியாவிலிருந்து ரோகு வந்தது. ரோகுவும் சேலின் உறவுதான். இன்று வன்னிச் சந்தையிலே எடைபோட்டு விற்கப்படுகின்றவை இவைதாம். அவற்றால் வயிறு நிறைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. தோட்டத்துரைமார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க நுவரெலியா ஓடைகளுக்கு ட்ரவுட் மீனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். தூண்டிலில் விழாத கல்லொட்டியை யார் கொண்டாடுவார்?

முதியவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, அது இன்னும் இருக்கிறதா என்பது. 1976இல் பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழியாக மகாவலியின் தண்ணீரைத் திருப்பி, உக்குவளையில் மின்சாரம் எடுத்துச் சுதுகங்கையிலே விட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அவர் ஊரைவிட்டு வந்துவிட்டார். அந்தப் பெருந்தண்ணீர் வந்தபிறகு தங்கள் ஓடை என்னவாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாது.

சென்ற கோடையில் ஒரு திருமணத்துக்காக மாத்தளைக்குப் போக நேர்ந்தது. மறுநாட் காலை பஸ் எடுத்து ரத்தோட்டைப் பக்கம் போனேன். முதியவர் சொல்லிவிட்ட அடையாளங்களிலே பாதி இல்லை. பாலம் புதிது. லயம் இருந்த இடத்திலே சில வீடுகள். ஆனால் ஓடை இருந்தது. சுதுகங்கைக்கு மேலே இருப்பதால் சுரங்கத்துத் தண்ணீர் அதைத் தொடவில்லை. இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சற்று மேலே போய், கற்களைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கல்லைப் புரட்டினேன், கலங்கியது. கைப்பேசியை எடுத்து ஜெயபுரத்துக்குப் பேசினேன்.

“ஐயா, ஒன்றையும் காணேல்லை.”

“கல்லப் பொரட்டினீங்களா?”

“ஓம்.”

“பொரட்டாதீங்க தம்பி. கல்லு மேல பாருங்க. பாசியில கீறல் கீறலா இருக்கா? நகத்தால வழிச்ச மாதிரி?”

பார்த்தேன். பச்சைப் பாசியின் நடுவே, வெளிச்சம் விழுந்த பக்கத்திலே, சின்னச் சின்ன வெளிறிய தடங்கள். கல்லுக்குக் கல் இருந்தன. இத்தனை நேரமும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இருக்கு, ஐயா.”

“அப்ப காலத் தண்ணியில வச்சிக்கிட்டு சும்மா நில்லுங்க. முழங்காலு அளவுக்குத் தண்ணி இருக்குங்களா?”

“கொஞ்சம் குறைவு.”

“போதும். கால் நுனியில கொத்தினா அது வேற மீனு, கணக்கில எடுக்காதீங்க. குதிகால்ல, பின்பக்கம், அரம் மாதிரி சொரண்டும். அதுதான். வந்தா சொல்லுங்க.”

கைப்பேசியைக் காதில் வைத்தபடியே நின்றேன். அந்தப் பக்கம் அவர் பேசவில்லை. இந்தப் பக்கம் நானும் பேசவில்லை. ஓடையின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சில நிமிடங்கள் போயிருக்கும். முதலில் விரலில் ஏதோ கொத்தியது, கணக்கில் எடுக்கவில்லை. பிறகு இடது குதிகாலில், பின்பக்கம்.

“ஐயா, வந்திட்டுது” என்றேன்.

“எத்தன?” என்று கேட்டார்.